வேலாயுதம் மாமாவின் ஆறு சாண் கயிறு

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கயிற்றில் நாலாவது சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டிருந்தேன். தாண்டிக்குடி எஸ்டேட் ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. கயிற்றை வாங்கிப்போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "இன்னும் ரெண்டு கட்டணும், செத்த இருக்கச் சொல்லுங்கம்மா" என்றேன். அம்மா வாசலுக்குப் போனார். அங்கே பேச்சுச் சத்தம் தாழ்ந்து கேட்டது. திரும்பி வந்தார். என் பக்கத்தில் கிடந்த நூல்கண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே அவசரமில்ல பாத்திமா. வேலாயுதம் நேத்து சாயந்தரம் மௌத்தாயிட்டாராம்" என்றார்.

எஸ்டேட் ஷெட்டில் ஜீப்புக்கு அடியிலிருந்து எழுந்து வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறார். உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். "இருங்க, வாறேன்" என்று சொல்லிவிட்டு ஷெட்டை ஒரு சுற்று நடந்திருக்கிறார். இரண்டாவது சுற்றில் விழுந்தார், அதோடு உயிர் போய்விட்டது. அவரைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். அவர் உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மீதி இரண்டு நூலையும் அன்றைக்கே கட்டி முடித்தேன். கையை வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் எஸ்டேட் ஷெட்டில் அவருடைய படத்தை மாட்டப் போகிறார்கள். பழகியவர்கள் எழுதித் தருவதை அங்கே வாசிப்பார்களாம். அவருடைய பழைய முதலாளி என்பதால் என் தகப்பனாரிடமும் கேட்டிருந்தார்கள். அத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டாலும் எங்கள் வீட்டுக் கடிதங்களை எழுதுவது நான்தான். அத்தா கூடத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டு சொன்னார்:

"எழுதும்மா. தங்கமான மனுஷரு. சிலோன்லருந்து வெறுங்கையோட வந்தவரு. அவரு தொட்டா இன்ஜின் பேசும். நம்மகிட்ட ஒரே ஒரு தடவதான் கை தவறிருச்சு, அதையும் நாங்க மறந்துட்டோம்னு போடு."

முதல் மூன்று வரிகளை எழுதினேன். நாலாவது வரியை எழுதக் கை வரவில்லை. நான்கு நாட்களாக எழுதுவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். அடுப்பைப் பார்க்கிறேன், கோழியை விரட்டுகிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். அந்த நாலாவது வரி உண்மையில்லை. அது உண்மையில்லை என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

பண்ணைக்காட்டில் என் அத்தா மலை வாழைப்பழ வியாபாரம் செய்கிறார். இங்கே விளையும் சிறு பழம் வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிப் பழனிக்குப் போகிறது. அங்கே பஞ்சாமிர்தக் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காக அத்தா ஒரு லாரி வைத்திருக்கிறார். பட்டாளத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்த பெட்ரோல் லாரி அது. அதன் ஷெட் எங்கள் வீட்டை ஒட்டி இருக்கிறது. நான் பெரியவளாகிப் பள்ளிக்கூடம் நின்ற நாளிலிருந்து, ஷெட்டைப் பார்த்த ஜன்னல்தான் என் இடம். அங்கே உட்கார்ந்து பழச்சீப்புகளை வாழைநாரால் கட்டுவேன். வெளி ஆட்கள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. இப்போதும் அப்படித்தான்.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம் லாரி இருமிக்கொண்டே வந்து நின்றது. இன்ஜினில் ஒரு வால்வு ஸ்பிரிங் ஒடிந்துவிட்டது. டிரைவர் கருப்பையா, "ஹெட்டைக் கழத்தணும் மொதலாளி. கழத்துனா கேஸ்கட்டு மாத்தணும். அதுக்கு மதுரைக்குப் போகணும். மூணு நாளாகும்" என்றார். அத்தா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வேலை தேடி வந்து வெகுநேரமாக வாசலில் நின்றிருந்த ஒருவர் உள்ளே வந்தார். அவர்தான் வேலாயுதம் மாமா. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்பேனர். கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கே தொழிற்சாலை இன்ஜினையும் லாரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தவர். மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் அப்போதுதான் இந்தியாவுக்கு வந்திருந்தார்.

"ஹெட்டைத் தொட வேணாம் மொதலாளி. ஒரு கயிறு இருந்தாப் போதும்" என்றார்.

கருப்பையா அண்ணன் சிரித்தார். "கயிறா? என்ன சிலோன்காரரே, இன்ஜினுக்கு அரைஞாண் கட்டப் போறீகளா?"

"கட்டினா என்ன? சளி பிடிச்ச பிள்ளை மாதிரித்தானே இழுக்குது" என்றார் அவர். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

லாரியில் கிடந்த தென்னங்கயிற்றை எடுத்துக் கொடுத்தார்கள். நார் உதிரும், ஏலாது என்றார். பஞ்சுக் கயிறு வேண்டும், விரல் கனத்தில் வேண்டும், ஆறு சாண் வேண்டும், முடிச்சு இருக்கக் கூடாது. அத்தா ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வீட்டில் பஞ்சு நூல் இருந்தது. நான் மூன்று புரியாகப் பின்னி, ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். அவர் கயிற்றை விரலால் உருட்டிப் பார்த்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, "நல்லாப் பின்னியிருக்கு. சாணுக்கு ஒரு சிவப்பு நூல் கட்டித் தர ஏலுமா?" என்று கேட்டார். என் கூச்சத்தை அந்தக் கொஞ்ச நேரத்திலேயே கண்டுகொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேசவேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். அதனால்தான் என்னால் அவருக்கு மட்டும் பதில் சொல்ல முடிந்தது.

அவர் செய்ததை ஜன்னலிலிருந்து முழுவதும் பார்த்தேன். வால்வு என்பது சிலிண்டரின் மேலே உள்ள கதவு. அதை இழுத்து மூடி வைத்திருப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வு உள்ளே விழுந்துவிடும். பிறகு இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்காமல் அதை எடுக்க முடியாது. விழாமல் இருக்கக் கீழேயிருந்து ஏதாவது தாங்க வேண்டும். மாமா தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டார். கருப்பையா அண்ணன் முன்னால் நின்று ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினார். காற்று விரலைத் தள்ளியதும், "இந்த இடம்தான். இப்ப ரெண்டு கதவும் மூடியிருக்கு" என்றார் மாமா. சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லி, கயிற்றைத் துளை வழியே உள்ளே திணித்தார். ஒரு முனை மட்டும் வெளியே நின்றது. மறுபடி ஹேண்டிலைச் சுற்றியதும் பிஸ்டன் மேலே வந்து, கயிற்றுச் சுருளை வால்வோடு சேர்த்து அமுக்கி நின்றுவிட்டது. அதன்பிறகு வால்வு விழ வழியில்லை. ஒரு கவைக் கம்பியால் ஸ்பிரிங்கை அழுத்தினார். அதைப் பூட்டி வைத்திருக்கும் அரிசி வடாம் அளவு இரண்டு துண்டுகளை எடுத்து என் ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஒடிந்ததை எடுத்தார், லாரியின் சாமான் பெட்டியில் இருந்த புதியதைப் போட்டார். துண்டுகளில் கிரீஸைத் தடவி ஒட்டி, திரும்பப் பூட்டினார். பிறகு பிஸ்டனை இறக்கி, கயிற்றை மெள்ள மெள்ள இழுத்து, ஒவ்வொரு சிவப்பு நூலும் வெளியே வரும்போது எண்ணினார். ஆறு.

"உள்ள போனதெல்லாம் வெளிய வந்தாத்தான் வேலை முடிஞ்சதும்மா" என்று சுவரிடம் சொன்னார்.

அன்று மத்தியானமே லாரி புறப்பட்டது. அத்தா அவரை எங்களோடு வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் எங்கள் ஷெட்டில் இருந்தார். டீ கொடுத்தால் நின்றுகொண்டு குடிப்பார். பாதி குடித்ததும் ஏதாவது ஞாபகம் வந்து போய்விடுவார். டம்ளர் மட்கார்டின் மேல் இருக்கும், மதில்மேல் இருக்கும், ஒருமுறை லாரியோடு பழனிக்கே போய்த் திரும்பி வந்தது. எங்கள் வீட்டு டம்ளர்களைத் தேடுவது எனக்கு ஒரு சோலியாகிவிட்டது. அம்மா ஒருநாள் கேட்டார், "ஏன் வேலாயுதம், கால்ல சக்கரமா கெடக்கு? செத்த உக்காந்து குடிச்சா என்ன?"

"அங்க குடியுரிமைக் கடுதாசிக்காக எட்டு வருஷம் ஆபீஸ் வாசல்ல உக்காந்தேன் அக்கா. உக்காந்தது போதும்" என்றார். அதற்குள் டம்ளரை எங்கோ வைத்துவிட்டார்.

இனி அந்தத் தைப்பூசத்தைப் பற்றி எழுத வேண்டும். இந்த இடத்தில் மூன்று முறை எழுந்து போய்விட்டேன்.

பூசத்துக்கு நாலு நாள் இருந்தது. பழம் முழுவதும் லாரியில் ஏறிவிட்டது. கனிந்த பழம், காத்திருக்காது. பழனிக் கடையிலிருந்து ஓர் ஆள் நேரில் வந்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளனே வண்டியை எடுத்தபோது ஸ்பிரிங் ஒடிந்தது. மாமா ஜன்னலுக்கு வந்து, "கயிறு தாங்கம்மா" என்றார்.

பழைய கயிற்றின் முனை எண்ணெய் குடித்துக் கட்டையாகிவிட்டதென்று முந்தின வாரம்தான் ஒரு சாண் வெட்டியிருந்தேன். மீதி ஐந்து சாண்தான் இருந்தது. புதிதாகப் பின்ன வீட்டில் பஞ்சு நூல் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள், அத்தா கத்திக்கொண்டிருந்தார். ஒரு பழைய துண்டுக் கயிறு ஒரு சாண் கிடந்தது. அதன் புரிகளைப் பிரித்துக் கயிற்றின் புரிகளோடு கோத்து, நான் தினமும் பழச்சீப்பைக் கட்டுகிற மாதிரி ஈர வாழைநாரால் இறுக்கிச் சுற்றினேன். முடிச்சுப் போடவில்லை. பத்துச் சீப்புள்ள தாரை அந்த நார் தாங்கும், இதைத் தாங்காதா என்று நினைத்தேன். ஒட்டு வெளியே தெரியாமல் இருக்க அதன்மேலேயே ஐந்தாவது சிவப்பு நூலைக் கட்டினேன். துண்டின் முனையில் ஆறாவதைக் கட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.

மாமா வழக்கம்போலத்தான் செய்தார். புது ஸ்பிரிங்கைப் போட்டு அதன் இரண்டு துண்டுகளையும் பூட்டியாகிவிட்டது. பிஸ்டனையும் இறக்கியாகிவிட்டது, அடுத்துக் கயிற்றை மெள்ள எடுக்க வேண்டும். அவர் மேலே ஏதோ நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். அத்தாவுக்குப் பொறுக்கவில்லை. கயிற்றின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவி மட்கார்டின்மேல் எறிந்தார்.

"கயிறு வந்திருச்சா மொதலாளி?"

"வந்திருச்சு, வந்திருச்சு."

"முழுசா?"

"முழுசாத்தான். வெரசா மூடுங்க."

அத்தா பொய் சொல்லவில்லை. முழுதும் வந்துவிட்டதாகத்தான் நினைத்தார். ஆனால் கயிறு என் ஜன்னலுக்கு நேரே தொங்கியது. நான் எண்ணினேன். ஐந்தாவது நூல் அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆறாவது இல்லை. ஒரு சாண் உள்ளே நின்றுவிட்டது.

பழனிக்காரர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கையில் ஒரு டம்ளர் இருந்தது. கம்பியில் ஒருமுறை தட்டியிருந்தால் மாமா திரும்பியிருப்பார். தட்டவில்லை. மாமா பிளக்கைப் போட்டு மூடினார்.

இன்ஜின் கிளம்பியது. அதில் ஒரு துடிப்பு குறைந்தது. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "கொஞ்சம் பொறுங்க மொதலாளி, சத்தம் சரியில்லை."

"சூடேறுனாச் சரியாப் போகும். பூசம் நமக்காக நிக்குமா?"

லாரி நகர்ந்தது. மாமா அதன் பக்கப் பலகையில் கையை வைத்துக்கொண்டு, கேட்டபடியே கூடவே ஓடினார். திருப்பம் வரை ஓடியதைப் பார்த்தேன்.

மலைப்பாதையில் ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் லாரி நின்றுவிட்டது. கருப்பையா அண்ணன் மேலே ஓட்ட மறுத்துவிட்டார். "மலையெறங்க இன்ஜின் பிடி வேணும். வெறும் பிரேக்கை நம்பி எறக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். பூசக் காலத்தில் வேறு லாரி கிடைக்க இரண்டு நாளாயிற்று. பழம் கறுத்துவிட்டது. அந்தப் பழனிக் கடை அதோடு எங்களிடம் வாங்குவதை நிறுத்தியது.

லாரியை இழுத்து வந்து, ஹெட்டைக் கழற்றினார்கள். வால்வுக்கு அடியில் கருகிப்போன ஒரு சுருள் சிக்கியிருந்தது. முற்றம் நிறைய ஆட்கள் நிற்க, அத்தா சொன்னார்: "ஹெட்டைக் கழத்தாம சோலி பாக்குறேன்னீங்க. இப்ப ஹெட்டும் கழண்டுச்சு, பழமும் போச்சு. உங்க சிலோன் வித்தை எனக்கு வேணாம்ங்க."

கயிற்றை உருவியது நீங்கள்தான் என்று மாமா சொல்வார் என நான் காத்திருந்தேன். சொன்னால் ஒட்டுப்போட்டது யார் என்ற கேள்வி வரும். அதற்கும் காத்திருந்தேன். அவர் கருகிய துண்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் எண்ணிப் பாத்திருக்கணும் மொதலாளி. எண்ணல" என்றார். அவ்வளவுதான்.

பிறகு ஜன்னலுக்கு வந்தார். துண்டை விளிம்பில் வைத்தார். அதன் மடிப்புக்குள் வாழைநார் ஓர் இழை எரியாமல் இருந்தது. சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசினார்: "பிஸ்டன் அமுக்குறதுக்கு நாரு தாங்காதும்மா. தாருக்குத்தான் தாங்கும். அடுத்த தடவ பஞ்சு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. ஒரு நாள் சுணங்கும், அவ்வளவுதானே. விளங்குதா?"

நான் துண்டை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டேன். ஆறாவது நூல் இல்லாததை நான் பார்த்தேனா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த ஜன்னலில் எப்போதும் யார் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அன்றே தாண்டிக்குடிக்கு நடந்து போனார். அங்கே எஸ்டேட் ஜீப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஆனாலும் பண்ணைக்காட்டுப் பக்கத்து டிரைவர்கள் வெகுநாள் அவரை 'கயித்தை உள்ள விட்டவரு' என்றுதான் சொன்னார்கள். எஸ்டேட்டில் முதல் ஆறு மாதம் அவரை இன்ஜினைத் திறக்க விடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாராம். அதெல்லாம் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் நாளைக்கு அத்தாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பிறகு நோன்பு முடியட்டும் என்பேன், மழை நிற்கட்டும் என்பேன்.

ஒருநாள் எஸ்டேட் ஜீப் வந்தது. "வேலாயுதண்ணன் கயிறு கேட்டாரு. ஆறு சாண். இங்கன பின்றதுதான் வேணுமாம்" என்றார் அதன் டிரைவர். கடையில் கயிறு கிடைக்காமல் இல்லை. அன்று கயிறு பின்னும்போது கண் மறைத்து மூன்று முறை பிரித்துப் பின்னினேன். அதன்பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கேட்டு அனுப்பினார். கடைசியாகக் கேட்டது அவர் போவதற்கு முந்தின வாரம்.

துக்கம் கேட்க அம்மாவோடு போனேன். அவருடைய மனைவி இராசம்மா அத்தை என்னைப் பார்த்ததில்லை. "நீங்கதானா கயிறு பின்ற பிள்ளை" என்று கேட்டு, என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சுவரில் ஓர் ஆணி. அதில் நான் அனுப்பிய கயிறுகள் எல்லாம் சுருட்டித் தொங்கின. சில அழுக்குப் படாமல் இருந்தன.

"எதுக்கு இத்தனைன்னு கேப்பேன். 'கேக்காமவிட்டா அந்தப் பிள்ளை மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்கும்'னு சொல்வார். எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்களுக்கு விளங்குதா?" என்றார் அத்தை.

எனக்கு விளங்கியது. அங்கேயும் நான் பேசவில்லை.

இன்று காலை, இதுவரை எழுதியதை அத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். துணியில் சுற்றி இரண்டு வருஷமாக வைத்திருந்த கருகிய துண்டை முன்னால் வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். நடந்துகொண்டே கேட்டவர் நடுவில் நின்றுவிட்டார். துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"உருவுனது நாந்தான்" என்றார். "ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் அத்தா."

"ஏன் சொல்லல?"

"ஆளுக நின்னாக."

அத்தா என்மேல் கோபப்படவில்லை. ஷெட்டுக்குப் போய், லாரியின் மட்கார்டைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து கேட்டார்: "நான் சொன்ன அந்தக் கடைசி வரிய எழுதிட்டியா?"

"இல்ல."

"எழுதாத. நான் உருவுனதையும் பேசுனதையும் அப்படியே வையி. கருப்பையாவையும் மத்த டிரைவர்களையும் வரச் சொல்றேன். அவுகளும் கேக்கட்டும். வாசிக்கும்போது நான் நின்னே கேட்டுக்கிறேன்."

ஆகவே இது இப்படியே வருகிறது. ஒட்டுப் போட்டதும் வாய் திறக்காததும் நான். அவசரத்தில் உருவியது என் அத்தா. வேலாயுதம் அவர்களின் கை எங்களிடம் ஒருமுறையும் தவறவில்லை. அங்கே கூடியிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அவருடைய பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் இதைக் கேட்க வேண்டும்.

இந்தத் தாளோடு, செவ்வாய்க்கிழமை கட்டி முடித்த கயிற்றையும் அனுப்பியிருக்கிறேன். படத்துக்கு மாலை போட்டபின், அவர் வீட்டில் மற்றக் கயிறுகள் தொங்கும் அதே ஆணியில் இதையும் மாட்டிவிடுங்கள்.

மாமா, இதில் முழுவதும் பஞ்சுதான். ஒட்டு இல்லை, முடிச்சு இல்லை. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆறும் இருக்கின்றன. போய் வாருங்கள்.